ஏழு கையேடுகளும் மருதுபாண்டியின் தண்ணீரும்

எங்கள் தெருவில் காளீஸ்வரன் வீடு கட்டுகிற கதையை நான் சொல்லத் தொடங்கி இது பதினோராவது வாரம். அவர் கட்டத் தொடங்கி ஏழு மாதம். இரண்டும் முடிகிற வழியைக் காணோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். காளீஸ்வரன் ராமநாதபுரம் – கடலாடி தடத்தில் ஓடும் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மனைவி முருகலட்சுமி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். பக்கத்து மனையில் தம்பி மருதுபாண்டி, எட்டு வருஷத்துக்கு முன்பே வீடு கட்டிக் குடியேறியவர். போன வருஷம் அந்த வீட்டு ஹால் மேற்கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, ஓடிக்கொண்டிருந்த டிவியின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து மருதுபாண்டி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றுதான். "கொத்தனாரை நம்புனேன், கெட்டேன்."

அது அண்ணன் காதில் விழுந்ததில்தான் இத்தனை வம்பும். கொத்தனாரை நம்பக்கூடாது என்றால் வேறு யாரை நம்புவது? புத்தகத்தை.

ஏழு கையேடு சேர்த்திருக்கிறார் மனிதர். மதுரையில் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. தொள்ளாயிரம் பக்கம், பாதியைப் பூச்சி படித்துவிட்டது, மீதியை இவர் படிக்கிறார். சிமெண்டுக் கடையில் இனாமாகக் கொடுத்த கலர் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு புருஷன் பெண்டாட்டி சாவியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அக்காள் மகன் பாலிடெக்னிக்கில் படித்தபோது எழுதிய நோட்டின் ஜெராக்ஸ் இருக்கிறது. அதில் கூரைத் தளம் போடுகிற பாடம் நடந்த வாரம் மருமகனுக்கு அம்மை போட்டிருந்ததாம், அந்த இடம் வெள்ளைத்தாள். சர்க்கார் வீட்டுத் திட்டத்தின் தமிழ் வெளியீடு ஒன்று. அதை வாசித்த பிறகு இங்கிலீஷே தேவலை என்றாகிவிட்டது. யூடியூபில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட இன்ஜினியர் ஒருத்தர். முகம் தெரியாத இருநூறு பேர் இருக்கிற வாட்ஸப் குழு ஒன்று. ஏழாவது, அவரே எழுதிய நோட்டு. பஸ்ஸில் ஏறுகிற மேஸ்திரி, ஓவர்சீயர், இரும்புக்கடைக்காரர், வீடு கட்டி முடித்த வாத்தியார் என்று ஒருத்தரையும் விடாமல் கேட்டு, டிக்கெட் கிழித்த கையோடு குறித்துக்கொண்டது.

ஏழும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் நானேன் இதை எழுதப்போகிறேன்? தளம் நாலு அங்குலம் என்றது ஒன்று, அஞ்சு என்றது இன்னொன்று. போட்ட தளத்தின் மேல் தண்ணீர் கட்டி வைக்க ஏழு நாள் என்பார் ஹெல்மெட். வாட்ஸப்பில் ஒருத்தர் இருபத்தெட்டு நாளுக்குக் குறைந்தால் வீட்டுக்குள்ளேயே போகாதே என்று கைகூப்பிப் படம் போட்டிருந்தார். ஜன்னல் உயரம் முடிவாவதற்குள் முருகலட்சுமிக்கு முன்மண்டையில் நாலு முடி நரைத்தது. நான் எண்ணினேன்.

இப்போது கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தளம். கலவை மிஷினும் இருபது ஆளும் ராமநாதபுரத்திலிருந்து வரவேண்டும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாளை, புதன்கிழமையை.

அன்று காலை எட்டு மணிக்கு முருகலட்சுமி பள்ளிக்கூடம் போகிற வழியில் மேஸ்திரிக்கு டீ கொடுக்கப் போனாள். நான் கறிவேப்பிலை ஒடிக்கிற சாக்கில் வேலியோரம் நின்றேன்.

மேஸ்திரி கணேசலிங்கம் மண்டபம் அகதி முகாமிலிருந்து வருகிறவர். இருபது வயதில் படகேறி வந்து, ஐம்பத்தைந்து வயது வரை அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். காளீஸ்வரனின் பஸ்ஸில் ஏறித்தான் சிக்கினார். டீயைக் குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைத் தொடாமல், பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து வாய் கொப்பளித்தார்.

முருகலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். "ஏண்ணே, ஏழு மாசமா பாக்குறேன். இங்கன தண்ணி இருக்கையில மண்டபத்துல இருந்து சுமந்துட்டு வாரீய. எங்க வீட்டுச் சொம்பு ஆகாதோ?"

"ஐயோ அக்கா, அப்பிடி நினைக்காதேங்கோ. சொம்பு நல்ல சொம்பு."

"பெறகு?"

கணேசலிங்கம் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் கறிவேப்பிலையைப் பார்த்தேன். "தண்ணி உவர் அக்கா. வாயில வைக்க ஏலாது. உங்களுக்குப் பழகிப்போச்சு."

"இந்தத் தண்ணியா? மருதுபாண்டி வீட்டுப் போர் தண்ணியா? தெருவே இதைத்தானே குடிக்கிது!"

"ஓம். தெருவே குடிக்குது. நான் என்ன சொல்ல?"

"அப்ப நாளைக்குத் தளத்துக்கு இதை ஊத்தலாமா?"

கணேசலிங்கம் பாட்டில் மூடியை நிதானமாகத் திருகினார். "ஊத்தினால் உள்ளுக்க கம்பி துருப்பிடிக்கும். இண்டைக்கில்லை, நாளைக்கில்லை. அஞ்சாறு வருசத்தில."

"அதை ஏண்ணே அவுகள்ட்ட சொல்லல?"

"அண்ணை சொல்ல விட்டாரோ? முதல் நாள் வாய் திறந்தன். உடனே பையை அவிழ்த்துப் புத்தகத்தை விரிச்சுப் போட்டார். 'குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும்' எண்டு கிடக்கு, நாங்கள் குடிக்கிறம்தானே, உமக்கென்ன வந்தது எண்டு கேட்டார். மணல் எண்டாலும் புத்தகம், ஜல்லி எண்டாலும் புத்தகம். கொத்தனார் கதைச்சால் களவாணிப் பேச்சாத்தான் கேக்குது. நான் வாயை மூடிட்டன்."

உண்மைதான். அந்த ஒரு வரியில் மட்டும் ஏழு கையேடும் ஒத்துப்போயிருந்தன. குடிக்கத் தகுந்த தண்ணீர். அதைக் கண்டுபிடித்த அன்று காளீஸ்வரனுக்கு இருந்த சந்தோஷம்! தன் நோட்டில் சிவப்பு மையில் ஏழு டிக் போட்டுக்கொண்டு வந்து என்னிடமே காட்டினார். அதோடு, பூமி பூஜை அன்றே மருதுபாண்டி கறுப்புக் குழாயைச் சுவர் மேலே தூக்கிப் போட்டு, "எங்கண்ணன் வீட்டுக்கு வெளித்தண்ணி ஒரு சொட்டு வரக்கூடாது" என்று ஊர் முன்னால் சொல்லியிருந்தார். புத்தகமும் சரி, தம்பியும் சரி. வேறென்ன வேண்டும்?

முருகலட்சுமி பள்ளிக்கூடம் போனாள். எண்பது பிள்ளைகளுக்கு சாம்பார். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காவிரித் தண்ணீரைத்தான் பருப்புக்கு ஊற்றுவாள். அரைமணியில் வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும். வீட்டில் பருப்பு போடுகிற நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குடம் இடுப்பில் வரும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் பருப்புக்கு மட்டும் காவிரித் தண்ணீர் பிடித்து வைப்போம். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவுதான். அந்தப் போர் தண்ணீரையே கொடுத்துத்தான் வந்த விருந்தாளிக்குத் தாகம் தீர்ப்போம். விருந்தாளி முகம் சுளித்தால், டவுன்காரர்களுக்கு நாக்கு நீளம் என்போம்.

அன்று கரண்டியைப் பிடித்தபடியே முருகலட்சுமி குழைந்த பருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். கூடச் சமைக்கிற பெண் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு டியூட்டி முடிந்து காளீஸ்வரன் வந்தபோது அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒவ்வொன்றிலும் அரை ஆழாக்கு துவரம்பருப்பு. ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் காவிரி. நான் அரைமுறி தேங்காய் இரவல் கேட்கப் போயிருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

"என்னடி இது? எனக்கு ஒண்ணு, ஒன் கொழுந்தனுக்கு ஒண்ணா?"

"பருப்பு வேகுற வரைக்கும் பேசாம இருங்க."

இருந்தார். அதாவது பேசவில்லை, வாட்ஸப் பார்த்தார். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பாத்திரத்தில் பருப்பு கரைந்து நின்றது. இன்னொன்றில் தனித்தனியாக, எண்ணிவிடலாம் போல மிதந்தது.

"பாத்தீயளா? இது ஒங்க தம்பி தண்ணி. நாளைக்கு இதை ஊத்தித் தளம் போடக்கூடாது."

காளீஸ்வரன் பருப்பைப் பார்த்தார். பிறகு புத்தகப் பையை இழுத்தார்.

"இந்தா லட்சுமி, மருமகன் நோட்டுல போட்ருக்கான் பாரு. பருப்பு வேகலைன்னா அது தண்ணியோட கடினத்தன்மை. கம்பியைத் திங்கிறது குளோரைடு. அது வேற, இது வேற."

"எதோ ஒரு எழவு! மேஸ்திரி உப்புங்கிறாரு."

"மேஸ்திரி சொல்லுவான். லாரித் தண்ணி வாங்கச் சொன்னா அவனுக்கு அங்கன கமிஷன் இருக்கும்."

"கமிஷன் வாங்குற ஆளாங்க அவரு? போன வாரம் மிஞ்சுன ஆணியக் கழுவி டப்பாவுல போட்டுக் குடுத்தாரு!"

"புத்தகத்துல என்ன போட்ருக்கு? குடிக்கத் தகுந்த தண்ணீர். நீ குடிக்கிறியா இல்லையா? நான் குடிக்கிறேனா இல்லையா? நாப்பத்தாறு வயசு ஆச்சு. எனக்கு என்ன துருவா பிடிச்சிருக்கு?"

முருகலட்சுமி கரண்டியை அடுப்பு மேடையில் வைத்த சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டது. மருதுபாண்டி வந்துவிட்டார்.

வந்தவர் இரண்டு பாத்திரத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. "மதினி, என் தண்ணியவா சோதிக்கிறீய?"

"சோதிக்கல தம்பி. சமைச்சுப் பாத்தேன்."

"முப்பது வருசத்துக்கு முன்னாடி அய்யா போட்ட போரு. பஞ்சம் வந்த வருசம் இந்தத் தெருவே குடத்தோட என் வாசல்ல நின்னுச்சு. அப்ப இனிச்சது, இப்ப கரிக்கிதா?" என்னைத்தான் கேட்டார். நான் நின்றவள்தான், இல்லையென்று சொல்லமுடியாது.

சொம்பை எடுத்தார். போர் தண்ணீரை மொண்டு, அண்ணாந்து, ஒரு மடக்குக்கூட நிறுத்தாமல் குடித்துக் கவிழ்த்துக் காட்டினார். "தேன்!" என்றார். மீசையெல்லாம் தண்ணீர். நடித்த மாதிரியே இல்லை. அந்த நாக்குக்கு அது தேன்தான்.

"பாத்தியாடி!" என்றார் காளீஸ்வரன்.

முருகலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "சரி. தண்ணி தேனு. அப்ப தம்பி வீட்டுத் தளம் ஏன் விழுந்துச்சு?"

"கொத்தனார் களவாணி. கம்பியக் கொறச்சுப் போட்டான்."

"கொறச்சுப் போட்டானா, இல்லையான்னு உள்ள பாத்தீயளா?"

மருதுபாண்டி எங்கே பார்த்தார்? பார்க்கவில்லை. விழுந்த இடத்தை மறுநாளே சிமெண்டு பூசி வெள்ளையடித்துவிட்டார்.

"மேஸ்திரியக் கூப்புடுங்க. போயிப் பாப்போம்" என்று அவள் படியிறங்கிவிட்டாள். ஆண்கள் இரண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். தேங்காயை விட்டுவிட்டு நானும்தான்.

மருதுபாண்டியின் மனைவி வீரலட்சுமி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுத்தியலோடு கணேசலிங்கம் ஹாலுக்குள் நுழைந்து, மேஜை மேல் ஏறி, பூசிய இடத்தைத் தட்டினார். டொக்கு டொக்கு என்று வெற்றுப்பானைச் சத்தம் வந்தது.

"மேஸ்திரியண்ணே, அங்கன வேணாம்" என்றாள் வீரலட்சுமி. "உள்ள வாங்க."

"உள்ள என்ன இருக்கு?" என்றார் மருதுபாண்டி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்தாள். மேலே, மூலைக்கு மூலை ஆணியடித்துப் பழைய கல்யாணச் சேலை ஒன்றைப் பந்தல் மாதிரி கட்டியிருந்தாள். குளிர்ச்சிக்கு என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாளாம். ஒரு முனையை அவிழ்த்ததும் சிமெண்டுத் தூளும் சில்லுமாக ஒரு முறம் அளவுக்குக் கட்டிலில் கொட்டியது.

"தினமும் நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அள்ளிக் கொட்டிருவேன்" என்றாள். "ஆறு மாசமா. டிவி ஒடஞ்சதுக்கே அந்தக் குதி குதிச்சீய. இதைச் சொன்னா அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போயி வெட்டுக்குத்து ஆயிரும்னு சொல்லல."

கணேசலிங்கம் கட்டிலைத் தள்ளச் சொன்னார். மேஜையைப் போட்டு ஏறி, ஒரே ஒரு தட்டு. உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. கம்பியா அது? ஊறின மரப்பட்டை மாதிரி உப்பி, விரலால் உரித்தால் ஏடு ஏடாக வந்தது.

"கம்பி எத்தன இஞ்சுக்கு ஒண்ணு போட்ருக்கு?" என்று கேட்டார் காளீஸ்வரன்.

கணேசலிங்கம் இன்னும் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார், டேப்பை வைத்தார். "ஆறுக்கு ஒண்டு. சரியாத்தான் போட்டிருக்கான். கம்பி கட்டினவன் களவெடுக்கேல்லை அண்ணை. நல்ல வேலைக்காரன்."

ஒரு வருஷமாக அந்தக் கொத்தனாரை வைத வசவையெல்லாம் மருதுபாண்டி அந்த நிமிஷத்தில் எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சுவரில் கையை ஊன்றி நின்றார்.

"இண்டைக்கு இதுக்குள்ள படுக்காதேங்கோ" என்று இறங்கினார் கணேசலிங்கம். "பிள்ளையளையும் விடாதேங்கோ."

மருதுபாண்டி திடீரென்று வெளியே போனார். மோட்டார் ரூமிலிருந்து விர்ரென்று சத்தம் வந்தது. சுவர் மேலிருந்த கறுப்புக் குழாய் துடித்தது. அண்ணன் மனையில் நாளைக் காலைக்கான சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது. அந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே வேலை அதுதான் போல.

முருகலட்சுமி மோட்டார் ரூமுக்குப் போய் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கினாள். கொழுந்தன் கண்ணெதிரேயே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அண்ணே!" என்று கத்தினார் மருதுபாண்டி. "ஒன் பொண்டாட்டி என் மோட்டாரை நிறுத்துறா. நீ என்ன சொல்ற?"

தெருவே வேலியில் நின்றது. நான் மட்டும்தான் ஒட்டுக்கேட்கிறேன் என்று இனி ஒருத்தரும் சொல்ல வேண்டாம்.

காளீஸ்வரன் தோளில் பை இருந்தது. கை அதன்மேல் போனது. போய், திரும்பி வந்துவிட்டது.

"ஏலே மருது" என்றார். "ஏழு புத்தகத்துலயும் தண்ணியப் பத்தி ஒரே ஒரு வரிதாண்டா இருக்கு. நல்ல தண்ணி கெடைக்கிற ஊர்ல ஒக்காந்து எழுதியிருக்காய்ங்க. அவய்ங்களுக்கு அதுக்கு மேல எழுத என்ன இருக்கு?"

"அதனால?"

"அதனால நாளைக்குத் தளம் கெடையாது."

போனை எடுத்து மிஷின்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. இருபது நாளைக்கு ஆள் கிடையாது, அப்புறம் மழை வந்தால் தன்னைக் கேட்காதே என்றார். காளீஸ்வரன் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். ஏழு மாதத்தில் அவர் புத்தகம் எதையும் பார்க்காமல் எடுத்த முதல் முடிவு.

மருதுபாண்டி சுவர் மேலிருந்த கறுப்புக் குழாயைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டச் சுருட்ட மிச்சத் தண்ணீர் அவர் வேட்டியிலேயே வடிந்தது. வீரலட்சுமி பாயும் தலையணையுமாக வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். அவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையும் தாண்டி நடந்துபோனார். முருகலட்சுமி போய்த் தலையணையை வாங்கிக்கொண்டாள். "எங்கன போவ? நம்ம வீட்டுக்கு வா. நாளைக்கு லாரித் தண்ணிக்குச் சொல்லுவோம். தளம் மெதுவாப் போட்டுக்கிருவோம்" என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஜெயித்த முகம். இருக்கட்டும், அவளுக்கு உரியது.

காளீஸ்வரன் மட்டும் நகரவில்லை. தன் மனையையே பார்த்துக்கொண்டு நின்றார். தளத்துக்கு அடித்த சென்ட்ரிங் பலகைக்குக் கீழே வரிசையாக நிற்கிற கான்கிரீட் பில்லர்களை விரலால் எண்ணினார். எட்டு. பிறகு இன்னொருமுறை எண்ணினார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்கோ அண்ணை."

"தளத்தை நிறுத்தியாச்சு. சரி. இந்த எட்டுப் பில்லரையும் எந்தத் தண்ணியில போட்டோம்?"

முருகலட்சுமி தலையணையோடு திரும்பினாள்.

கணேசலிங்கம் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். பாட்டிலை எடுத்தார், குடிக்கவில்லை.

"அண்ணை" என்றார். "நீங்கள் இதை மட்டும் கேட்டிடக்கூடாது எண்டுதான், அந்த வீட்டு மேசையில ஏறினதில இருந்து நான் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்."